முண்டு கொடுத்த மரங்கள்

அந்தக் கோடையில் எங்கள் சரிவு வழியாக உலாவப் போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு மரத்தின் கீழும் தடிகள் நின்றன. சில தடிகள் கிளைகளைத் தாங்கி நின்றன, சில கிளைகளோடு கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் பூசி முடிக்காத வீடுகள் வரிசையாக நிற்பதுபோல இருக்கும். என் கணவர் அலோசியஸ் அவற்றுக்கு நடுவே நாள் முழுவதும் நடந்துகொண்டே இருப்பார். ஒரு கயிற்றை இழுத்துப் பார்ப்பார். ஒரு தடியைக் காலால் தட்டிப் பார்ப்பார். பிறகு மேற்கே திரும்பி வானத்தைப் பார்ப்பார்.

அவர் இந்தப் பெப்ரவரியில் காலமானார். அவரை நினைக்கும்போதெல்லாம் 2004ஆம் ஆண்டின் அந்தத் தடிகள்தான் முதலில் கண்ணில் வந்து நிற்கின்றன.

ஏப்ரிகாட் பழத்துக்கு இங்கே ஜெர்மனியில் அப்ரிகோஸ் என்று பெயர். வால்டோர்ஃபுக்குக் கிழக்கே, சமவெளி முடிந்து மேடு தொடங்கும் இடத்தில், வெயில் விழும் பக்கமாக இருக்கிறது அந்தச் சரிவு. மேல் வரிசையில் நின்றால் கணினி நிறுவனத்தின் கண்ணாடிக் கட்டிடங்கள் தெரியும். நிலமும் மரங்களும் திருமதி வெண்டலுடையவை. அவரும் அவர் கணவரும் நட்டவை. பழங்களெல்லாம் பக்கத்து ஊரில் ஜாமும் சட்னியும் செய்யும் பிரிகிட்ட என்ற பெண்ணுக்குப் போகும். அவளுடைய தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

அலோசியஸ் மன்னாரில் பேசாலைக்காரர். வள்ளத்தில் வளர்ந்தவர். எண்பத்தாறாம் ஆண்டு அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் முகாமில் சும்மா இருந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அனுமதி கிடைத்ததும் கிடைத்த முதல் வேலை வெண்டல் வீட்டாரின் செர்ரி பறிப்பு. திரு வெண்டல் அவரிடம் நீளமான மர ஏணி ஒன்றைக் கொடுத்தபோது, அதைப் பாய்மரத்தைப் போலத் தோளில் நிமிர்த்தி, காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாராம். “கடலிலை வேலை செஞ்ச ஆள் எண்டு கிழவன் அப்பவே கண்டு பிடிச்சிட்டான்” என்று அந்தக் கதையை விருந்தினர் எல்லோருக்கும் சொல்லுவார். பருவத்துக்கு வந்தவர் அப்படியே நிரந்தரமாகிவிட்டார். திரு வெண்டல் இறந்த பிறகு, அந்த அம்மாவுக்கு அவர்தான் எல்லாமுமாக இருந்தார்.

ஆனால் அவர் ஒரு பயந்த மனிதர். இதை அவரைத் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கோயிலில் நாற்காலி அடுக்கும்போதும் சரி, பெருநாளில் இறைச்சி வெட்டும்போதும் சரி, சத்தமாகச் சிரித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். வீட்டில் வேறு ஆள். யன்னல் கொஞ்சம் ஆடினால் எழும்பிவிடுவார். ஜெர்மன் காற்றுகளுக்கெல்லாம் மன்னார்ப் பெயர் வைத்திருந்தார். மேற்கிலிருந்து வருவது கச்சான். வடகிழக்கிலிருந்து குளிர் கொண்டு வருவது வாடை. “கச்சான் திரும்புது, அன்னா” என்பார். இங்கே கடல் எங்கே இருக்கிறது என்று நான் கேட்பேன். “காத்துக்குத் தெரியுமே இஞ்சை கடல் இல்லையெண்டு?” என்பார்.

அந்த வருடம் மாசி மாதம் திருமதி வெண்டல் படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஹனோவரில் இருக்கும் மகளிடம் போய் இருக்க வேண்டியதாயிற்று. போவதற்கு முன் எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். கட்டிலில் சாய்ந்தபடியே பேசினார்.

“இனி என்னால் ஏணியில் ஏற முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர் மரங்களைப் பிடுங்கிவிட்டுத் திராட்சை போடக் கேட்கிறார். எனக்கு மனமில்லை. அலோசியஸ், இந்தக் கோடையை நீங்கள் தனியாகப் பாருங்கள். நான் திரும்பி வரும்போது மரங்கள் ஒழுங்காக இருந்தால், பத்து வருடத்துக்கு உங்களுக்குக் குத்தகைக்குத் தருகிறேன். இல்லையென்றால் அவருக்குக் கொடுத்துவிடுவேன்.”

வெளியே வந்ததும் அலோசியஸ் காரைத் திறக்காமல் நின்றார். பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்தச் சரிவில் வேலை செய்தவர். ஆனால் எந்த மரத்தை எப்போது வெட்டுவது, எப்போது பறிப்பது என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. இன்னொருவர் சொல்ல, செய்தார்.

“என்ன, சந்தோசமில்லையோ?” என்றேன்.

“பயமாக் கிடக்கு” என்றார். “வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போறது வேறை. வள்ளத்தைத் தந்து, கொண்டு போ எண்டு சொல்லுறது வேறை.”

வசந்தம் நன்றாகத்தான் தொடங்கியது. அப்ரிகோஸ் மற்ற மரங்களுக்கு முன்பே அவசரப்பட்டுப் பூக்கும். அதனால் அதற்குப் பனியில்தான் பயம். அவர் காலையும் மாலையும் வானொலியில் காலநிலை கேட்டார். மே மாத நடுவில் இந்த ஊர்க்காரர் பனிப் புனிதர்கள் என்று சொல்லும் சில புனிதர்களின் நாட்கள் வரும். அந்த நாட்கள் போகும்வரை குளிர் திரும்பி வரலாம் என்பது இங்கத்தைய நம்பிக்கை. அலோசியஸ் அந்தப் புனிதர்களின் பெயர்களைப் பிரிகிட்டவிடம் கேட்டு வந்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார்.

“மன்னாரிலை இவையின்ரை பேரையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை” என்றேன்.

“அதுதான் பயம். இவைக்கும் எங்களைத் தெரியாதெல்லே. ஒருக்கா அறிமுகமாகி வைப்பம்.”

புனிதர்கள் நல்லபடியாகப் போனார்கள். பனி விழவில்லை. காய்கள் கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தன. கிளையே தெரியவில்லை. நான் சந்தோசப்பட்டேன். அவர் முகம் இருண்டுவிட்டது. ஏனென்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அப்ரிகோஸ் இப்படிக் காய்த்தால் பாதிக்கு மேல் பிஞ்சிலேயே பிடுங்கி எறிய வேண்டும். நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு காய் நின்றால் போதும். அப்போதுதான் மிஞ்சியவை பெருக்கும், கிளையும் தாங்கும், அடுத்த வருடப் பூவுக்கும் மரத்தில் பலம் இருக்கும். சரிவில் அந்த வேலையை மட்டும் திருமதி வெண்டல் யாரிடமும் கொடுத்ததில்லை. தானே ஏணியில் ஏறி, பாட்டு முணுமுணுத்தபடி பிடுங்கிப் பிடுங்கிப் புல்லில் போடுவார். அந்த வாரம் அலோசியஸ் கீழே செர்ரி மரங்களின் பக்கம் ஏதாவது வேலை தேடிக்கொண்டு போய்விடுவார். அதை அந்த அம்மா கவனித்தாரோ தெரியாது. நானும் பிறகுதான் யோசித்தேன்.

முதல் நாள் அவர் ஏணியைச் சாத்தி ஏறினார். நான் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, கோப்பியோடு சரிவுக்குப் போனபோது அவர் ஏணியில்தான் நின்றார். கீழே புல்லில் ஒரு பிஞ்சு கூட இல்லை.

“என்ன, இப்பத்தான் துவங்கிறியளோ?”

“காலமையே ஏறினனான்.”

அவர் இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்தார். கோப்பியைக் குடிக்கவில்லை.

“கரைவலை இழுத்து முடிய, குஞ்சு மீனுகள் மணலிலை துள்ளும். அப்பு என்னைக் கூப்பிட்டு, ‘உதுகளை அள்ளித் திரும்பக் கடலிலை விடடா’ எண்டு சொல்லுவார். சிரட்டையாலை அள்ளி அள்ளி விடுவன். அது ஓடிப் போயிடும். வளந்து பேந்து வரும்.” அவர் மேலே மரத்தைப் பார்த்தார். “இதைப் பிடுங்கினால் எங்கை கொண்டுபோய் விடுறது? திரும்ப ஒட்ட ஏலுமே?”

“சரி, நான் பிடுங்கிறன். நீங்கள் ஏணியைப் பிடியுங்கோ.”

“வேண்டாம்.” அவர் சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார். “நீ இதைத் தொடாதை அன்னா. உன்ரை கையாலை வேண்டாம்.”

எங்களுக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹனோவரிலிருந்து தொலைபேசி வந்தது. அவர் வழக்கம்போல ஒலிபெருக்கியைப் போட்டார். ஜெர்மன் மொழி எங்காவது தடக்கினால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

“காய் பிடித்திருக்கிறதா?”

“நிறையப் பிடிச்சிருக்கு, ஃபிரௌ வெண்டல்.”

“அப்படியென்றால் பிஞ்சுகளைக் கலைத்துவிட்டீர்களா? முடிந்ததா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“ஃபெர்டிக்” என்றார். முடிந்துவிட்டது என்று.

“மிக நல்லது” என்றது அந்தக் குரல். “இனி நான் நிம்மதியாகத் தூங்குவேன்.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார்.

“ஏன் உப்பிடிச் சொன்னனீங்கள்?”

“தெரியேல்லை. வாய் சொல்லிப்போட்டுது.”

“அவ வந்து பாக்கேக்கை?”

“ஒரு கொப்பும் முறியாமல் பழுக்க வைச்சுக் காட்டினால் அவ என்ன சொல்லப் போறா?” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாளே தடி தேடத் தொடங்கிவிட்டார். காட்டிலாகாவில் விற்கும் ஒல்லித் தடிகள், பழைய வேலிக் கட்டைகள், யாரோ எறிந்த கூடாரக் கம்பங்கள் எல்லாம் காரின் கூரையில் வந்து சேர்ந்தன. மரத்துக்கு முண்டு கொடுக்கிற வேலை நான் கண்டதுதான். எங்கள் ஊரில் வாழைக் குலைக்குக் கொடுப்பார்கள். ஆனால் இவர் செய்தது வள்ளத்தைப் புயலுக்குக் கட்டுவதுபோல இருந்தது. ஒவ்வொரு கிளையையும் தடியோடு சேர்த்து, பேசாலையில் வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டு இறுக்கினார். அந்த முடிச்சை அவிழ்க்க அவரால் மட்டும்தான் முடியும்.

காய்கள் பாரமாக ஆக, தடிகள் கூடின. ஒரு தடியை நட்டால், அதற்குப் பக்கத்துக் கிளை தொங்குவது கண்ணில் படும். அதற்கு ஒன்று. சாப்பாட்டு மேசையில் இருந்தாலும் அவர் காது யன்னல் பக்கம்தான் இருந்தது. ஒரு கார் எங்கள் தெருவில் திரும்பினால், திருமதி வெண்டலின் மகள்தான் கொண்டுவந்து இறக்குகிறாளோ என்று எழும்பிப் போய்ப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருவரும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

தமிழ்ப் பூசைக்கு எங்களோடு வரும் றோசம்மா அக்கா ஒரு நாள் சரிவுக்கு வந்தார். அவர் மன்னாரில் எங்கள் தூரத்துச் சொந்தம். வாய் கொஞ்சம் நீளம்.

“என்னடா அலோசியஸ், மரத்துக்கெல்லாம் ஊண்டுகோல் குடுத்து வைச்சிருக்கிறாய்? லூர்துக்கு யாத்திரை கொண்டு போகப் போறியோ?”

“சுகம் வந்தால் கொண்டு போறன் அக்கா.”

“பஸ்ஸிலை இடம் காணாதடா. இப்பவே சொல்லி வை.” பிறகு ஒரு கிளையின் கீழே குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. “என்ன இது, இவ்வளவு காய்? எல்லாம் கோலிக்குண்டு மாதிரிக் கிடக்கு. இது பெருக்குமே?”

“பெருக்கும்” என்றார் அவர்.

பெருக்கவில்லை. யூன் நடுவில் பிரிகிட்ட வந்தாள். அவள் நல்லவள். ஒவ்வொரு வருடமும் அறுவடைக்கு முன் வந்து பார்த்து, எப்போது எவ்வளவு வரும் என்று கேட்டுப் போவாள். தடிகளைப் பார்த்ததும் அவளும் சிரிக்கத்தான் செய்தாள். ஒரு காயைப் பறித்து சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டினாள். இன்னொரு மரத்துக்குப் போனாள். அங்கேயும் ஒன்று.

“என் இயந்திரத்துக்கு இது சிறிது” என்றாள். “கொட்டை எடுக்கும்போது பழம் குழியில் சரியாக உட்கார வேண்டும். சிறிய பழம் சரிந்துவிடும். ஊசி கொட்டையில் குத்தி உடைத்துவிடும். ஜாமில் கொட்டைத் துண்டு வந்தால் யாருடைய பல்லாவது போகும்.”

“இன்னும் நாள் இருக்கு” என்றார் அலோசியஸ்.

“இதற்கு மேல் பெரிதாகாது. நிறம் வரும், அவ்வளவுதான்.” அவள் கிளையோடு கையை ஓட்டினாள். காய்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இருந்தன. “திருமதி வெண்டல் இதைக் கலைக்கச் சொல்லவில்லையா?”

அவர் பக்கத்துக் கயிறு ஒன்றை இழுத்துப் பார்த்தார்.

“நான் அவரிடம் பேச வேண்டியிருக்கும்” என்றாள் பிரிகிட்ட. கோபமாகச் சொல்லவில்லை. “நான் இந்த வருடம் வேறு இடத்தில் பழம் தேட வேண்டும். ஏனென்று அவர் கேட்பார்.”

அவள் போன பிறகு அவர் எந்த வேலையும் செய்யவில்லை. ஒரு தடியில் சாய்ந்து நின்றார். “சொல்லப்போறாள்” என்றார். “நாளைக்கே சொல்லப்போறாள்.”

“நீங்களே எடுத்துச் சொல்லுங்கோவன். அவள் சொல்லுறதுக்கு முதல்.”

“ஓம்” என்றார். அன்று எடுக்கவில்லை. அடுத்த நாளும் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்தார். மூன்றாவது நாள் மத்தியானம் கச்சான் திரும்பியது.

எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் அடங்கி, மேற்குப் பக்கம் முழுவதும் கடும் நீலமானது. நான் அன்று வீட்டில்தான் இருந்தேன். அவர் சரிவை நோக்கி ஓட, நானும் பின்னால் ஓடினேன். முதல் வீச்சிலேயே மேல் வரிசையில் இரண்டு தடிகள் விழுந்தன. அவர் மரத்துக்கு மரம் ஓடினார். விழுந்த தடியை நிமிர்த்தினார். கயிறுகளை இறுக்கினார். “பிடி, இதைப் பிடி அன்னா!” என்று கத்தினார். நான் ஒரு கிளையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன். மழை வாய்க்குள் வந்தது. மேல் வரிசையின் பெரிய மரத்தில்தான் அதிகம் தடிகள் இருந்தன, அங்கேதான் அதிகம் முடிச்சுகளும் இருந்தன. காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளியது. கட்டில்லாத கிளைகள் வளைந்து நிமிர்ந்தன. கட்டியவை வளையவில்லை. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. அடிமரம் கவட்டிலிருந்து இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தன் காய்களோடும் தடிகளோடும் புல்லில் படுத்தது.

அலோசியஸ் ஓடுவதை நிறுத்தினார். மழையில் அதன் முன்னால் நின்றார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து மற்ற மரங்களில் தான் போட்ட முடிச்சுகளை அறுக்கத் தொடங்கினார். அவிழ்க்க நேரமில்லை. எல்லாவற்றையும் அறுத்தார்.

அன்று மாலை உடுப்புக் கூட மாற்றாமல் ஹனோவருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியைப் போடவில்லை. நான் கேட்டது அவர் பக்கம் மட்டும்தான். “இல்லை, ஃபிரௌ வெண்டல். நான் செய்யவில்லை. பிரிகிட்ட சொல்லியிருப்பாள்.” பிறகு, “ஓ. சொல்லவில்லையா.” தொலைபேசியை வைத்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வாறா” என்றார்.

வெள்ளிக்கிழமை வரும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிளந்த மரத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. மூடி மறைப்பதுபோல இருக்கும் என்று பயந்தார்.

மகள் காரைக் கீழே நிறுத்தினாள். திருமதி வெண்டல் கைத்தடியோடு மேட்டில் ஏறி வந்தார். ஒவ்வொரு வரிசையிலும் மூச்சு வாங்க நின்றார். நின்ற இடத்தில் எல்லாம் மரங்களைப் பார்த்தார். தடிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மேல் வரிசைக்கு வந்து, பிளந்த மரத்தில் கையை வைத்துக்கொண்டு, “இப்போது சொல்லுங்கள்” என்றார்.

அலோசியஸ் குஞ்சு மீன்களைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஜெர்மனில் அது இன்னும் சின்னக் கதையாக இருந்தது. கடல், சிறிய மீன், திரும்ப விடுவது, இதைத் திரும்ப விட முடியாது. அவ்வளவுதான். சிரட்டைக்கு ஜெர்மன் சொல் தெரியாமல் கையால் காட்டினார்.

“மீனைப் பற்றி எனக்குத் தெரியாது” என்றார் திருமதி வெண்டல். “காய் சிறுத்தது போகட்டும். ஒரு வருடப் பழம்தானே. ஆனால் நான் கேட்டபோது ஃபெர்டிக் என்றீர்கள். நான் அங்கே நிம்மதியாகத் தூங்கினேன், அலோசியஸ்.”

அவர் தலையைக் குனிந்தார்.

“மற்ற மரங்களிலும் கொப்புகள் போகப் போகின்றன. அடுத்த வருடம் பூக்கவும் மாட்டா. பாதியை இப்போதாவது எடுக்க வேண்டும். ஏணியைக் கொண்டு வாருங்கள்.”

அவர் ஏணியைக் கொண்டு வந்து பக்கத்து மரத்தில் சாத்தினார். ஏறினார். கை ஒரு காயைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது. நேரம் போனது. மகள் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திருமதி வெண்டல் கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். இதோ, இந்த நிமிடத்தில் எல்லாம் முடியப் போகிறது என்று எனக்குப் பட்டது. நான் ஏணிக்குக் கிட்டப் போய் முதல் படியில் காலை வைத்தேன்.

“நீ தொடாதை” என்றார் மேலிருந்து.

பிறகு காம்பு ஒடியும் சின்னச் சத்தம் கேட்டது. அவர் அந்தக் காயைக் கீழே போடவில்லை. சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்ததையும் வைத்தார். பை நிரம்பிப் புடைத்தது.

“புல்லில் போடலாம்” என்றார் திருமதி வெண்டல்.

“இல்லை” என்றார் அவர். “அன்னா, வாளி கொண்டு வா.”

அன்று மாலைவரை அவர் இறங்கவில்லை. அடுத்த நாட்களும் அப்படியே. ஒரு காயைக்கூட மண்ணில் விழவிடவில்லை. வாளி வாளியாக, மஞ்சள் பிடிக்கத் தொடங்கிய கல்லுப்போன்ற காய்கள் எங்கள் கொட்டகையில் சேர்ந்தன. இவற்றை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. எறியமாட்டார், அவ்வளவுதான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த றோசம்மா அக்கா வாளிகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“அடியே அன்னா, வீட்டிலை உப்பும் தூளும் கிடக்கோ? கொண்டு வா. கத்தியும் கொண்டு வா.”

“என்னக்கா, இதைத் தின்னப் போறியளோ?”

“பின்னை? புளிச்ச மாங்காயைத் தின்னாத ஆக்களே நாங்கள்?”

பிரிகிட்ட எங்களைத் தேடி வந்தபோது நாங்கள் கொட்டகை வாசலில் இருந்து கீறின காய்களை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்றுகொண்டிருந்தோம். திருமதி வெண்டலிடம் தான் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். சொல்ல மனம் வரவில்லையாம். அலோசியஸுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. றோசம்மா அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு துண்டை அவள் கையில் வைத்தார். அவள் தின்று, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, இன்னொரு துண்டு கேட்டாள்.

“பாத்தியே, சீமைப் பிள்ளைக்கும் வாய் ஊறுது” என்றார் அக்கா.

பிரிகிட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு காயைக் கத்தியால் பிளந்து பார்த்தாள். சட்னிக்குப் பழுத்த பழம் சரிவராது, கரைந்துவிடும். கொஞ்சம் கல்லாகவே இருக்க வேண்டும் என்றாள். கையால் வெட்டிக் கொட்டை எடுத்துத் தந்தால் ஒரு அண்டா செய்து பார்க்கிறேன், வாக்குத் தரமாட்டேன் என்றாள். அந்த வாரம் முழுவதும் எங்கள் கொட்டகையில் கத்திச் சத்தம் கேட்டது. எல்லாக் காயும் போகவில்லை. மரத்தில் மிஞ்சிப் பழுத்த சிறு பழங்களில் பெரும் பகுதியைச் சும்மா கொடுத்தோம். பிளந்த மரத்தை வெட்டி, வேரையும் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

திருமதி வெண்டல் ஹனோவருக்குத் திரும்பிப் போகும் நாளில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

“பத்து வருடம் இல்லை” என்றார். “ஒரு வருடம். அடுத்த மே மாதம் கேட்பேன். அப்போது எனக்கு உண்மை வேண்டும்.”

“ஒரு வருசம்” என்று அலோசியஸ் திரும்பச் சொன்னார். கார் போன பிறகும் தெருவிலேயே நின்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் அவர் பிஞ்சு பிடுங்கினார். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் காலையில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. முதல் பிஞ்சு சட்டைப் பைக்குள் போகும். பிறகு வாளி. சில வருடங்களில் அவை சட்னிக்கு ஆகாத அளவு சின்னதாக இருக்கும். அப்போது வாளியைக் கொண்டுபோய் வெட்டிய மரத்தின் குழியில் கொட்டி மண் மூடுவார். பக்கத்துத் தோட்டக்காரர் அதை உரம் என்று நினைத்துக்கொண்டார். ஹனோவரிலிருந்து தொலைபேசி வரும். “முடிந்ததா?” “இன்னும் இரண்டு வரிசை இருக்கு, ஃபிரௌ வெண்டல்.” சில நேரம், “இண்டைக்கு ஏலாமல் போச்சு. நாளைக்கு ஏறுறன்.” அவர் சொன்னதை அந்த அம்மா ஒரு முறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. குத்தகை வருடத்துக்கு வருடமாகவே நீண்டது. அந்தப் பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. கச்சான் அடித்தால் எழும்பி உட்காருவார். ஆனால் தடி மட்டும் நடவில்லை.

பெப்ரவரியில் ஒரு காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். இதயம் என்றார்கள். அடக்கத்துக்குத் திருமதி வெண்டல் வந்தார், சக்கர நாற்காலியில். சரிவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திராட்சை போடக் கேட்ட பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும் அடக்கம் முடிந்த கையோடு ஒரு முறை மேல் வரிசையில் நடந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பிரிகிட்ட சொன்னாள்.

இந்த வருடமும் பனிப் புனிதர்கள் நல்லபடியாகப் போனார்கள். காய் நிறையப் பிடித்திருக்கிறது. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து நான் ஏணிப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது.

“அன்னா. காய் பிடித்திருக்கிறதா?”

“பிடித்திருக்கிறது.”

“முடிந்ததா?”

கூடத்தில் அலோசியஸின் சப்பாத்துகள் இன்னும் சுவரோரமாகவே இருந்தன.

“இல்லை, ஃபிரௌ வெண்டல். இன்னும் தொடங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.”

மறுபக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது.

“சரி” என்றார் கடைசியில். “அடுத்த ஞாயிறு கேட்கிறேன்.”

மறுநாள் காலை மேல் வரிசையில் ஏணியைச் சாத்தினேன். அது நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. வாளியைக் கொக்கியில் மாட்டினேன். காற்று இல்லை. ஏறி, கைக்கு எட்டிய முதல் கிளையைப் பிடித்தேன். உரோமம் படர்ந்த சின்னப் பச்சைக் காய்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று பிடிபடவில்லை. கீழே செர்ரி மரங்களின் பக்கம் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

காம்பு இலேசாகத்தான் ஒடிந்தது. நான் அதைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.